தீவுக்குப் போறோம், திட்டத்தோட போவோம்

(பேத்துப்பாறையில் நடந்த கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில், ராமேஸ்வரம் சுற்றுலா பற்றி ஊக்குநர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்கலாம்.)



மூணு குழுக்கள் சேர்ந்து ஒரே தீர்மானம் கொண்டு வந்திருக்கீங்க. "இந்த வருசம் ராமேஸ்வரம் போய் வருவது." படிச்சப்போ எனக்குச் சந்தோஷம். ஊர் உலகமெல்லாம் கொடைக்கானலுக்குச் சுற்றுலா வருது. வர்றவங்களுக்கு நாம பழம் விக்கிறோம், விடுதியில ரூம் கூட்டுறோம், சமைச்சுப் போடுறோம். நாம எங்கே போனோம்? பொறந்த வீட்டுக் கல்யாணம், ஆஸ்பத்திரி, பழனி. அதைத் தாண்டி நமக்காகப் போன பயணம் எத்தனைன்னு விரல் விட்டு எண்ணிப் பாருங்க.

அதனால போவோம். ஆனா எப்படிப் போறதுன்னு இப்பவே பேசிக்குவோம். இரண்டு தடவை குழுக்களோட போய் வந்தவள் என்பதால் என்னைப் பேசச் சொன்னாங்க. நான் சொல்லப் போறது ஒரே விஷயம்தான். குழுவை எப்படி நடத்துறோமோ அப்படியே பயணத்தையும் நடத்தணும். தீர்மானம், கணக்கு, பொறுப்பாளர் எல்லாம் வேணும். போன எல்லாரும் பத்திரமா வீடு திரும்பணும். காசு இல்லை, வயசாச்சு, துணை இல்லைன்னு யாரையும் விட்டுட்டும் போகக் கூடாது.

ராமேஸ்வரம் ஒரு தீவு

நாலு பக்கமும் கடல் சூழ்ந்த பாம்பன் தீவில்தான் ராமேஸ்வரம் இருக்கு. கரையையும் தீவையும் இணைச்சு 1914இல் ரயில் பாலம் திறந்தாங்க. 1988இல் சாலைப் பாலம் வர்ற வரைக்கும் ரயிலும் படகும்தான் வழி. பழைய ரயில் பாலம் பழுதானதால 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்தினாங்க. பக்கத்திலேயே புதுப் பாலம் கட்டி 2025 ஏப்ரல் 6ஆம் தேதி திறந்தாங்க. கப்பல் வரும்போது நடுப்பகுதி அப்படியே செங்குத்தா மேலே ஏறி வழி விடும். அந்தத் தூக்குப் பகுதி மட்டும் 72.5 மீட்டர் நீளம்.

தீவுன்னா அதுக்கு ஒரு குணம் உண்டு. உள்ளே போக, வெளியே வர அந்தப் பாலங்களை விட்டா வேற வழி இல்லை. காற்று அளவு மீறி அடிச்சா ரயிலை நிறுத்திடுவாங்க. அதனால ஒருநாள் கூடுதலாத் தங்க நேர்ந்தாலும் சமாளிக்கிற மாதிரி மாத்திரையும் பணமும் கையில இருக்கணும்.

எப்போ போகலாம்?

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாசங்கள் மழையும் புயலுமான காலம். தனுஷ்கோடியை அழிச்ச புயல் 1964 டிசம்பர் 22ஆம் தேதி ராத்திரிதான் அடிச்சது. சித்திரை, வைகாசியில வெயில் தாங்காது. அதோட ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீன் சாப்பிட ஆசைப்படுறவங்களுக்கு அப்போ விலையும் கூடும்.

நமக்கு ஏத்தது தையும் மாசியும்தான். காப்பிப் பழம் பறிப்பு ஓய்ஞ்சு கையில கொஞ்சம் காசும் இருக்கும். ஆனா தை அமாவாசை, மகா சிவராத்திரி, பள்ளிக்கூடப் பரீட்சை இந்த நாட்களை விட்டுடுங்க. அமாவாசைக்கு ராமேஸ்வரத்தில கால் வைக்க இடம் இருக்காது, ரூம் வாடகையும் ஏறிடும். திங்கள் கிளம்பி புதன் திரும்பினா கூட்டம் குறைவு.

பணம்: சேமிப்பில் கை வைக்காதீங்க

இதை அழுத்திச் சொல்றேன். சுற்றுலாவுக்குக் குழுச் சேமிப்பையோ, சுழல் நிதியையோ, உள்கடனையோ தொடக் கூடாது. அந்தப் பணம் ஒரு தங்கச்சியோட பிரசவத்துக்கும், ஒரு பிள்ளையோட படிப்புக்கும் உள்ளது. கடன் வாங்கிச் சுற்றுலா போனா, மூணு நாள் சந்தோஷத்துக்கு முப்பது வாரம் தவணை கட்டணும்.

தனியா ஒரு சுற்றுலாச் சேமிப்பு ஆரம்பிங்க. கணக்குக்கு ஒரு உதாரணம் சொல்றேன். 15 பேர், மாசம் ஆளுக்கு 250 ரூபாய், பத்து மாசம் சேர்த்தா 37,500 ரூபாய். அதை ஐந்தாப் பிரிங்க: வண்டி, தங்குமிடம், சாப்பாடு, கோயிலும் சுத்திப் பார்க்கிறதும், அவசரம். அவசரத்துக்கு ஒதுக்கினதை அவசரத்துக்கு மட்டும்தான் எடுக்கணும். மிஞ்சினா திரும்பி வந்து பங்கு போட்டுக்கலாம்.

தனி நோட்டு, இரண்டு கையெழுத்து. பணம் வாங்குறது ஒருத்தர், கணக்கு எழுதுறது இன்னொருத்தர். பயணத்தில மொத்தப் பணத்தையும் ஒரே பையில வைக்காம மூணு பேர் பிரிச்சு வைங்க. போன்ல பணம் அனுப்புற வசதி இருந்தாலும் கொஞ்சம் ரொக்கம் இருக்கட்டும். குழுவோட பாஸ்புக்கைப் பயணத்துக்குக் கொண்டு போக வேண்டாம்.

ரயிலா, வேனா?

நமக்கு வழி கொடைக்கானல், வத்தலக்குண்டு, மதுரை. மதுரையிலிருந்து மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம், மண்டபம் வழியா ராமேஸ்வரம் சுமார் 170 கிலோமீட்டர். மதுரையிலிருந்து ரயிலும் உண்டு, பஸ்ஸும் உண்டு. ரயிலுக்குச் செலவு குறைவு, கழிப்பறை இருக்கு, கால் நீட்டலாம். பாலத்துக்கு மேல கடலைப் பார்த்துக்கிட்டே போறதும் ரயிலில்தான். வயதானவங்களுக்கு இருந்த கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தினாங்க. பழைய கணக்குப் போடாம கவுண்டரில் கேட்டு எழுதிக்குங்க.

வேன்தான் வசதின்னு முடிவு பண்ணினா சில விஷயங்களைப் பாருங்க.

ஒன்று, மஞ்சள் போர்டு வண்டியா இருக்கணும். சொந்த உபயோகத்துக்கான வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு எடுத்தா, விபத்து நடந்தா இன்சூரன்ஸ் கிடைக்கிறது கஷ்டம்.

இரண்டு, வாடகை பேசும்போதே டீசல், டோல்கேட், பார்க்கிங், டிரைவர் பேட்டா எல்லாம் சேர்த்தா தனியான்னு கேட்டு எழுதி வாங்குங்க.

மூன்று, கீழேயிருந்து கொடைக்கானலுக்கு வர்ற வண்டிகளுக்கு 2024 மே மாதத்தில் இ-பாஸ் முறை கொண்டு வந்தாங்க. வத்தலக்குண்டு வேனா இருந்தா, நம்மளைக் கூப்பிட மேலே வர்றதுக்கு என்ன நடைமுறைன்னு டிரைவரிடம் முன்னாடியே கேட்டுக்குங்க.

நான்கு, டிரைவர் தூங்கணும். பகல் முழுக்க ஓட்டின மனுசனை ராத்திரி மலைப்பாதை ஏறச் சொல்லாதீங்க. "ஒரு நாள் ரூம் வாடகை மிச்சம்"னு நினைச்சு எடுக்கிற முடிவு அது. அந்த மிச்சம் நமக்கு வேண்டாம்.

பாம்பன் சாலைப் பாலத்தில் போட்டோ எடுக்க வண்டியை நிறுத்தச் சொல்லாதீங்க. பின்னாடி வேகமா வர்ற வண்டிக்குத் தெரியாது. மெதுவாப் போகச் சொல்லுங்க, பார்த்துக்கிட்டே போவோம்.

வாந்தி வர்றவங்க முன் சீட்டில் உட்காருங்க. கிளம்பும் முன்னே வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம், இரண்டு இட்லி போதும். வாந்தி மாத்திரை போடுறவங்க கிளம்புறதுக்கு அரை மணி நேரம் முன்னாடியே போடணும். வாந்தி வந்த பிறகு போட்டுப் பிரயோஜனம் இல்லை.

மலை உடம்பு, கடல் வெயில்

நம்ம உடம்பு குளிருக்குப் பழகினது. அங்கே காற்று அடிச்சுக்கிட்டே இருக்கும், அதனால வெயில் ஏறுறதும் வியர்வை போறதும் தெரியாது. தாகம் எடுக்கும் வரை காத்திருக்காம அடிக்கடி தண்ணி குடிக்கணும். நிறையப் பேர் வழியில கழிப்பறை கிடைக்காதேன்னு தண்ணியே குடிக்க மாட்டீங்க. அதுதான் ஆபத்து. மயக்கம் வரும், நீர்க்கடுப்பு வரும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கழிப்பறை உள்ள இடத்தில வண்டி நிக்கணும்னு டிரைவரிடம் முதல்லயே பேசிடுங்க.

நீர்மோர், இளநீர், எலுமிச்சை உப்புத் தண்ணி குடிங்க. உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு வாங்கி வச்சுக்குங்க. 20 லிட்டர் கேன் தண்ணி வாங்கி அவங்கவங்க பாட்டிலில் ஊத்திக்கிட்டா செலவும் குறையும், பிளாஸ்டிக்கும் குறையும்.

பட்டுப் புடவை, நைலக்ஸ் புடவை வேண்டாம். நூல் புடவை, குடை, தலைக்கு ஒரு துண்டு போதும். 12 மணி முதல் 3 மணி வரை ரூமில ஓய்வு. யாருக்காவது தலைவலி, குழப்பமான பேச்சு, உடம்பு நெருப்பாக் கொதிச்சா உடனே நிழலுக்குக் கொண்டு வந்து, ஈரத்துணி போர்த்தி, விசிறி, 108க்குக் கூப்பிடுங்க.

சர்க்கரை உள்ள அம்மாமார்களுக்குத் தனியா ஒரு வார்த்தை. கோயில் கல்லும் கடல் மணலும் மத்தியானம் சுடும். உங்களுக்குக் காலில் உணர்ச்சி குறைஞ்சிருந்தா சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். செருப்பில்லாம நடக்க வேண்டிய இடத்துக்கு விடியற்காலையில போங்க. ராத்திரி பாதத்தைப் பார்த்துட்டுப் படுங்க. பிரஷர், சர்க்கரை மாத்திரை மூணு நாளுக்குப் பதிலா ஐந்து நாளுக்கு எடுத்து வைங்க.

தங்குமிடம்

கோயில் விடுதியோ தனியார் விடுதியோ, முன்னாடியே பேசி முடிச்சுட்டுப் போங்க. போன பிறகு தேடினா, வழியில நிக்கிற புரோக்கர் சொல்றதுதான் விலை. படி ஏற முடியாதவங்களுக்குக் கீழ்த்தளம் கேளுங்க. தாழ்ப்பாள், தண்ணி, கழிப்பறை மூணையும் பார்த்துட்டுப் பணம் கட்டி ரசீது வாங்குங்க. எல்லாரும் ஆதார் அட்டை கொண்டு வரணும்.

கோயிலும் தீர்த்தமும்

ராமநாதசுவாமி கோயிலுக்குள்ள 22 தீர்த்தங்கள் இருக்கு. முதல்ல அக்னி தீர்த்தக் கடலில் குளிச்சு, பிறகு உள்ளே ஒவ்வொரு கிணறாப் போகணும். வாளியில இறைச்சுத் தலையில ஊத்துவாங்க. கோயில் கவுண்டரில் டிக்கெட் வாங்கிப் போங்க. வெளியே "நான் கூட்டிப் போறேன்"னு வர்றவங்களிடம் பணம் கொடுக்காதீங்க. திதி, பரிகாரம் செய்யணும்னு இருந்தா எவ்வளவுன்னு உட்காரும் முன்னாடியே பேசுங்க. உட்கார்ந்த பிறகு பேச நமக்கு வாய் வராது.

தரை முழுக்க ஈரம், வழுக்கும். வயசானவங்க கையை இளையவங்க பிடிச்சுக்கணும். மெல்லிசான புடவை நனைஞ்சா ஒட்டும், அதனால கெட்டியான அடர் நிறத் துணி உடுத்துங்க. ஈரத்துணியோட சுவாமி சன்னதிக்குப் போக முடியாது, மாத்துத் துணி கண்டிப்பா வேணும். நகையை வீட்டிலேயே வச்சுட்டு வாங்க. தாலியை மஞ்சள் கயிறில் கோத்துக்கிட்டா கடலுக்கும் பயமில்லை, கூட்டத்துக்கும் பயமில்லை.

கோயிலுக்குள்ள செல்போன் அனுமதி இல்லை. அந்தப் பெரிய பிரகாரத்தில் மட்டும் 1,212 தூண்கள். எல்லாத் தூணும் ஒரே மாதிரி இருக்கும். வழி தவறினா போன் பண்ணித் தேட முடியாது. அதனால உள்ளே போகும் முன்னே "தவறிட்டா கிழக்கு வாசலில் நிக்கணும்"னு எல்லாரும் பேசிக்கணும். இரண்டு இரண்டு பேரா ஜோடி போட்டுக்குங்க. ஒருத்தருக்கு ஒருத்தர் பொறுப்பு. வண்டி நகரும் முன்னே பொறுப்பாளர் தலை எண்ணணும். விடுதி பெயரும் பொறுப்பாளர் போன் நம்பரும் எழுதின சீட்டு ஒவ்வொருத்தர் முந்தானையிலும் முடிஞ்சிருக்கணும்.

மாதவிலக்கு பற்றி

இதைக் கூட்டத்தில பேசக் கூச்சப்பட வேண்டாம். பேசாததால்தான் தப்பு நடக்குது. யாத்திரைன்னா உடனே மெடிக்கல் கடையில போய் "தள்ளிப்போடுற மாத்திரை" வாங்கிப் போடுற பழக்கம் இருக்கு. டாக்டரைக் கேட்காம போடாதீங்க. ரத்தம் உறைஞ்சு கட்டின நோய் வந்தவங்க, கல்லீரல் கோளாறு உள்ளவங்க, கர்ப்பமா இருக்கலாம்னு சந்தேகம் உள்ளவங்களுக்கு அது ஆகாது. கிராம சுகாதார செவிலியரிடமாவது முன்னாடியே கேளுங்க.

அந்த நாளில் கோயிலுக்குப் போறதும் போகாததும் அவங்கவங்க மனசு. ஆனா அதுக்காக ரூமிலேயே உட்கார வேண்டியதில்லை. பாலம் இருக்கு, கடல் இருக்கு, பேய்க்கரும்பில் 2017இல் திறந்த அப்துல் கலாம் ஐயா நினைவிடம் இருக்கு. அவங்களையும் கூட்டிக்கிட்டுப் போங்க. நாப்கினோட, பழைய பேப்பரும் ஒரு கவரும் சேர்த்து வைங்க.

கடலைக் கண்டு ஆசைப்படலாம், அசட்டை கூடாது

நாம ஓடையும் அருவியும் பார்த்தவங்க. அஞ்சுவீடு அருவியில் பாறை வழுக்கும்னு நமக்குத் தெரியும், தெரிஞ்சதால பயந்து நடப்போம். கடலோட குணம் நமக்குத் தெரியாது. மேலே சாதுவா இருக்கும், அடியில காலுக்குக் கீழ மணலை இழுக்கும்.

ராமேஸ்வரத்துக்காரங்க வடக்குப் பக்கக் கடலைப் பெண் கடல்னு சொல்வாங்க, அமைதியா இருக்குமாம். தெற்குப் பக்கம் ஆண் கடல், அலை அடிக்கும். ஆனா வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அந்தப் பெண் கடலும் கொந்தளிக்கும். அதனால பேரை நம்பாம, அன்னைக்கு நிலைமை என்னன்னு மீனவங்களைக் கேளுங்க. பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏத்தியிருந்தா கடல் பக்கமே போக வேண்டாம்.

முழங்கால் அளவுக்கு மேல யாரும் இறங்கக் கூடாது. நனைஞ்ச புடவை கனக்கும், காலைச் சுத்திக்கும். கடலுக்கு முதுகு காட்டி நின்னு போட்டோ எடுக்க வேண்டாம். ஒருத்தரை அலை இழுத்தா, காப்பாத்தணும்னு நீச்சல் தெரியாத நாலு பேர் அடுத்தடுத்து இறங்காதீங்க. அப்படித்தான் ஒரு உயிர் போற இடத்தில ஐந்து உயிர் போகுது. சத்தம் போட்டு மீனவர்களைக் கூப்பிடுங்க. கரையில நின்னபடி புடவையை வீசுங்க, மூடின காலிக் கேனை எறியுங்க. அதைப் பிடிச்சு மிதக்கலாம்.

தனுஷ்கோடி

1964 புயலுக்கு முன்னே தனுஷ்கோடியில் ரயில் நிலையம், சர்ச், பள்ளிக்கூடம், இலங்கைக்குக் கப்பல் எல்லாம் இருந்தது. அந்த ராத்திரி பாம்பனிலிருந்து வந்த ரயிலையே கடல் கொண்டு போச்சு. அதில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டவங்க இறந்தாங்க. இப்போ சர்ச்சும் ஸ்டேஷனும் இடிஞ்ச சுவரா நிக்குது. அரிச்சல்முனை வரைக்கும் 2017இல் தார்ச்சாலை திறந்தாங்க. அங்கேயிருந்து இலங்கை சுமார் 30 கிலோமீட்டர்தான்.

வெயில் தாழ்ந்த பிறகு கிளம்புங்க, ஆனா இருட்டும் முன்னே திரும்பிடணும். பொழுது சாய்ஞ்சா வண்டிகளை உள்ளே விடமாட்டாங்க. இரண்டு கடலும் சேர்ற அரிச்சல்முனையில் நீரோட்டம் பலமா இருக்கும். அங்கே குளிக்க வேண்டாம். நின்னு பாருங்க, அதுவே போதும். தண்ணி பாட்டிலும் குடையும் வண்டியிலேயே விட்டுட்டுப் போயிடாதீங்க, நிழல் இல்லாத இடம்.

அந்த ஊர்ப் பெண்களைப் பாருங்க

சங்கு, பாசி மணி, கருவாடு, கருப்பட்டி, ஓலைப்பெட்டி எல்லாம் வாங்கலாம். பவளப்பாறைத் துண்டும் கடல் குதிரையும் விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீங்க. 1972ஆம் வருச வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். நம்ம சோலைக்காட்டை யாராவது வெட்டி எடுத்துப் போனா நமக்கு எப்படி இருக்கும்? பவளப்பாறை கடலுக்குள்ள இருக்கிற சோலைக்காடு. மீன் குஞ்சுகள் அதில்தான் வளருது.

இன்னொன்று, பாம்பன், மண்டபம் பக்கத்தில் நம்மளை மாதிரியே குழுப் பெண்கள் கடல்பாசி வளர்க்கிறாங்க. மூங்கில் மிதவை கட்டி, கயிறில் பாசித் துண்டுகளைக் கோத்துக் கடலில் விடுவாங்க. சுமார் 45 நாளில் அறுவடை. அலை அடிச்சா நஷ்டம், வெயில் கூடினா நஷ்டம். நமக்கு யானை வந்து வாழையை மிதிக்கிற மாதிரி. மகளிர் திட்ட அலுவலகம் மூலமா முன்னாடியே கேட்டு ஒரு மணி நேரம் அவங்களோட உட்கார்ந்து பேசுங்க. எப்படி விக்கிறாங்க, யார் விலை வைக்கிறாங்கன்னு கேளுங்க. நம்ம காப்பி, மிளகு கதையைச் சொல்லுங்க. கோயிலுக்குப் போன புண்ணியத்தோட இந்த அறிவும் சேரட்டும்.

யாரை விட்டுட்டுப் போறோம்?

கடைசியா ஒரு விஷயம். போன தடவை பேர் எழுதும்போது மூணு பேர் தானாகவே ஒதுங்கினாங்க. ஒரு அக்காவுக்குக் கணவர் இல்லை, "நான் வந்தா நல்லாருக்காது"ன்னாங்க. இன்னொரு அம்மாவுக்கு முட்டி வலி. ஒரு தங்கச்சிக்கு மாடும் சின்னப் பிள்ளைகளும். மூணு பேரும் சேமிப்பில ஒரு வாரம் தவறாதவங்க.

கணவரை இழந்த சகோதரிகள் வந்தா நல்லாருக்காதுன்னு யார் சொன்னது? குழுவுக்கு அப்படி ஒரு விதி கிடையாது. முதல் பேரா அவங்க பேரை எழுதுங்க. முட்டி வலிக்காரங்களுக்குக் கீழ்த்தள ரூமும் முன் சீட்டும் ஒதுக்கினா வரலாம். வீட்டு வேலைக்கு முறை வைங்க. இந்த வருசம் பாதிப் பேர் போகட்டும், மீதிப் பேர் அவங்க மாட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கட்டும். அடுத்த வருசம் மாத்திக்கலாம். யானை நடமாட்டம் இருக்கிற நேரம்னா வீட்டைப் பூட்டிட்டு எல்லாரும் ஒரேயடியாக் கிளம்பவும் கூடாது. மாசம் 250 கட்ட முடியாதவங்க இருந்தா, 125 கட்டிக்கிட்டு இரண்டாவது வருசத்தில் போகலாம்.

வீட்டுக்காரங்களிடம் கடைசி நாளில் சொல்லாதீங்க. தேதி, வண்டி, விடுதி, பொறுப்பாளர் நம்பர் எல்லாம் எழுதின தாளை ஒரு மாசம் முன்னாடியே கையில கொடுங்க. எங்கே, யாரோடன்னு தெரிஞ்சா பாதி மறுப்பு அங்கேயே குறையும்.

அடுத்த கூட்டத்துக்குள்ள ஒவ்வொரு குழுவும் மூணு தீர்மானம் போட்டுக்கிட்டு வாங்க: பொறுப்பாளர் யார், மாதச் சேமிப்பு எவ்வளவு, முதலில் போறவங்க யார் யார். 

மறக்காமல் எடுத்து வைக்க:
ஆதார் அட்டை, நகல் ஒன்று. தினசரி மாத்திரை ஐந்து நாளுக்கு. உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட், வாந்தி மாத்திரை, காயத்துக்கு மருந்தும் துணியும். நூல் புடவை மூன்று, துண்டு இரண்டு, நாப்கின். குடை, டார்ச் லைட், தண்ணீர் பாட்டில். திரும்பி மலை ஏறும்போது போட ஸ்வெட்டர். போன் நம்பர் எழுதிய சீட்டு.

அவசர எண்கள்: ஆம்புலன்ஸ் 108, போலீஸ் மற்றும் எல்லா அவசரத்துக்கும் 112, பெண்கள் உதவிக்கு 181, ரயிலில் உதவிக்கு 139.